சத்தம் போடாத கணக்கு வாத்தியார்

நேற்றுக் காலை வாசலில் நின்ற தள்ளுவண்டியில் மருமகள் கோவைக்காய் வாங்கினாள். காயோடு காயாக ஒரு கொடித் துண்டும் இரண்டு இலைகளும் முறத்தில் வந்து விழுந்தன. அவள் எடுத்து எறியப் போனாள். "இலையை இப்படிக் குடும்மா" என்று வாங்கிக் கசக்கி மோந்து பார்த்தேன். "பொரியலுக்குக் காய்தான் மாமா, இலை இல்லை" என்றாள், மாமனாருக்கு வயசாகிவிட்டது என்ற குரலில்.

அவளுக்கு எப்படித் தெரியும்? இப்போது பிள்ளைகள் எல்லாம் நோட்டில் எழுதுகிறார்கள். எங்கள் நாளில் கோவை இலை என்றால் சிலேட்டு. இலையைக் கசக்கிச் சாற்றோடு தேய்த்தால் சிலேட்டு புதுசு மாதிரி கறுத்துவிடும். கை முழுக்கப் பச்சை வாடை அடிக்கும். சோறு சாப்பிடும்போதும் அடிக்கும். எனக்கு அந்த வாடை வந்தால் பூவிருந்தவல்லியில், அதாவது பூந்தமல்லியில், ஒரு வீடும், அந்த வீட்டுக் கூடத்தில் தொங்கிய ஒரு பச்சைத் திரையும் ஞாபகம் வரும். திரை என்றதும் நீங்கள் வேறு ஏதோ கதையை எதிர்பார்த்துச் சாய்ந்து உட்காரக் கூடாது. இது கணக்கு டியூஷன் கதை.

யுத்த காலம். ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்காரர்கள் வந்து கொட்டகை கொட்டகையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரி வாயுவில் ஓடின. பின்னால் ஒரு பெரிய அடுப்பைக் கட்டிக்கொண்டு, மேடு வந்தால் மூச்சு வாங்கும். நான் இன்டர்மீடியட்டில் கணக்கில் நல்ல மார்க் வாங்கிவிட்டு, மேலே படிக்க வழியில்லாமல் அம்பத்தூரில் வீட்டோடு இருந்தேன். அம்மாவின் தம்பி, என் மாமா, வில்லிவாக்கத்தில் விறகும் கரியும் விற்கும் விறகுத்தொட்டி வைத்திருந்தார். பஸ்ஸே கரியில் ஓடும் காலத்தில் கரி விற்பவரைக் கேட்க வேண்டுமா? ஆள் கொழித்துக்கொண்டிருந்தார். "இன்டர் படிச்ச பையன் தொட்டில வந்து குந்தினா தொட்டிக்கே ஒரு கௌரவம்தான மாமா?" என்று என் அப்பாவிடம் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். அப்பா யோசித்துப் பார்த்து எனக்கு ஒரு கெடு வைத்தார். சித்திரை பிறப்பதற்குள் ஒரு வேலை. இல்லாவிட்டால் விறகுத்தொட்டி.

விறகு விற்பது இழிவு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்த வயதில் எனக்குக் கணக்கின் மேல் ஒரு பைத்தியம் இருந்தது. சாலையில் போகும் வண்டிச் சக்கரத்தைப் பார்த்தால் அதன் ஆரம் என்ன என்று மனசு போகும். ஒருமுறை அப்படி ஆரத்தைப் பார்த்துக்கொண்டே போய் மாட்டின் மேல் முட்டிக்கொண்டேன். அப்படிப்பட்டவனைப் பிடித்துச் சவுக்குக் கட்டை அடுக்கச் சொன்னால் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள். ஆகவே கணக்கு டியூஷன் தேடிப் புறப்பட்டேன்.

டியூஷன் தேடுவது இப்போது போல நோட்டீஸ் ஒட்டும் சமாசாரம் இல்லை. ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லி வைக்க வேண்டும், முடிவெட்டுகிறவரிடம் சொல்லி வைக்க வேண்டும், சைக்கிள் கடையில் சொல்லி வைக்க வேண்டும். அவர்கள் வாய் வழியாக நம் பெயர் ஊர் சுற்றும். என் பெயர் பருத்திப்பட்டு வரைக்கும் போய், அங்கே ஏரிக்கரையோரம் நிலம் வைத்திருந்த ஒருவர் தம் மகனுக்குச் சொல்லிக் கொடுக்கக் கூப்பிட்டார். முதல் நாள் பையனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து என் முன்னால் உட்கார வைத்தார்.

"வாத்தியாரே, கண்ணு ரெண்டையும் உட்டுடு. மத்த எடம் உன் பாடு."

அது அந்தக் காலத்து வழக்கம். பிள்ளையை ஒப்படைக்கும்போது எல்லோரும் சொல்வது. கண்ணைத் தவிர எங்கே வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று அர்த்தம். எனக்கு அடிக்க வராது. கத்தவும் வராது. என் குரல் எங்கள் வீட்டிலேயே எடுபடாது. தண்ணீர் கேட்டால் அம்மா மூன்றாவது தடவைதான் திரும்பிப் பார்ப்பாள். கணக்கு என்பது உட்கார்ந்து, பல்பத்தைக் கடித்து, யோசித்துப் போட வேண்டிய காரியம் என்பது என் கட்சி. பையனும் நானும் ஒரு வாரம் மௌனமாகக் கணக்குப் போட்டோம். பையன் நன்றாகவே தேறிவந்தான். எட்டாம் நாள் அவன் அப்பா வாசலிலேயே மறித்தார்.

"இன்னா வாத்தியாரே, நீ வந்தா ஊடே கம்முனு கீது? பாடம் நடக்குதா, ரெண்டு பேரும் தூங்கிக்கினு கீறீங்களா?"

"கணக்குப் போடறான்ங்க. சரியாத்தான் போடறான்."

"போடறான், சரி. காதுல ஒண்ணும் வுழ மாட்டேங்குதே! பக்கத்து ஊட்டு வாத்தியார் வந்தா ஏரிக்கு அந்தாண்ட கேக்குது. எம் பொஞ்சாதி கேக்கறா, பாடம் சொல்றதுக்கு வர்றாரா, மோர் குடிக்க வர்றாரான்னு."

மோர் விஷயத்தில் அந்த அம்மாள் சொன்னதில் நியாயம் உண்டு. நல்ல மோர். ஆனால் வேலை போயிற்று. அடுத்து வேலப்பன்சாவடியில் ஒரு நெல் வியாபாரி வீடு. அங்கேயும் அதே கதை. பாடம் நடந்தால் சத்தம் வர வேண்டும். வாய்ப்பாட்டுச் சத்தமோ, பிரம்புச் சத்தமோ, பையன் அழும் சத்தமோ, ஏதாவது ஒன்று தெருவில் கேட்க வேண்டும். அப்போதுதான் ஜனங்களுக்கு நம்பிக்கை. மாசி பிறந்தபோது நான் சத்தம் போடாத வாத்தியார் என்று சுற்று வட்டாரத்தில் பெயர் வாங்கிவிட்டேன். மாமா எனக்காகத் தொட்டியில் ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டுவிட்டதாகத் தகவல் வந்தது.

அப்போதுதான் ஆவடி சைக்கிள் கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். "பூந்தமல்லில ஒரு பாய் கீறாரு. தோல் மண்டி வெச்சிருக்கறாரு. கணக்கு வாத்தியார் தேடறாரு. சத்தம் போடாத ஆளுதான் வேணுமாம். கேட்டதும் உன் ஞாபகம்தான் வந்துச்சு நைனா!"

என்னைக் கேலி பண்ணுகிறார் என்றுதான் நினைத்தேன். இருந்தாலும் வாடகைச் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். மண்டிக்காரப் பாய் பருத்த மனிதர். மண்டியிலிருந்து வந்த வாடை தெரியக் கூடாது என்று அத்தரைத் தாராளமாகப் பூசியிருந்தார். இரண்டும் கலந்து ஒரு மாதிரி அடித்தது. என்னை உட்கார வைத்து, படிப்பைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

"கொஞ்சம் பேசுங்க தம்பி, பாப்போம்."

நான் எந்த ஊர், யார் மகன் என்று சொன்னேன். அவர் காதை முன்னால் நீட்டினார்.

"இன்னா சொன்னீங்க?"

மறுபடி சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "போதும். இந்தக் கொரலு போதும்" என்றார். என் குரலைக் கேட்டு இத்தனை சந்தோஷப்பட்ட மனிதரை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். அவருக்கு ஒரே மகள், சபுரா. தாய் இல்லாத பெண். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியிருந்தார்கள். அவள் வீட்டில் இருந்தபடியே புத்தகம் வாங்கிப் படித்து, மெட்ரிக் பரீட்சையைத் தனியாக எழுதியே தீருவேன் என்று நின்றாள். மற்றதெல்லாம் தானே படித்துக்கொண்டாள். கணக்கு மட்டும் முட்டுக்கட்டை. பாய் ஒப்புக்கொண்டார், ஆனால் ஒரே ஒரு தடவைதான். பாஸானால் மேற்கொண்டு அவள் இஷ்டம். தவறினால் ஆம்பூரில் பேசி வைத்திருந்த இடத்தில் நிக்காஹ், புத்தகம் எல்லாம் மூட்டை. பரீட்சைக்கு அதிக நாள் இல்லை. அந்த வீட்டு வழக்கப்படி அன்னிய ஆண்பிள்ளை அவளைப் பார்க்கக் கூடாது, அவள் குரலையும் கேட்கக் கூடாது. நானும் தெருவதிரக் கத்தி, வீட்டில் வயசுப் பெண் படிக்கிறாள் என்று ஊருக்குத் தண்டோரா போடக் கூடாது.

ஆக, கூடத்தின் நடுவில் பச்சைத் திரை. இந்தப் பக்கம் கோரைப்பாயில் நான். அந்தப் பக்கம் சபுரா. திரையின் ஓரத்தில், இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி, பாயின் அக்கா முக்காலி போட்டு உட்கார்ந்து பூண்டு உரிப்பார். காகிதம் கிடைக்காத காலம் என்பதால் எல்லாம் சிலேட்டில்தான். நான் கணக்கை எழுதித் திரைக்கு அடியில் தள்ளுவேன். விடை எழுதி அவள் திருப்பித் தள்ளுவாள். நான் சொன்னது புரிந்தால் பல்பத்தால் தரையில் ஒரு தட்டு, புரியாவிட்டால் இரண்டு. கொல்லையில் கோவைக்கொடி படர்ந்திருந்ததால் சிலேட்டு ஒவ்வொரு தடவையும் பச்சை வாடையோடு ஈரமாக வரும்.

திரையைப் பார்த்துப் பாடம் சொல்வது முதலில் சங்கடமாகத்தான் இருந்தது. திரை தலையாட்டாது, கொட்டாவி விடாது. ஒரு நாள் வட்டங்களைப் பற்றி வெகு உருக்கமாக அரைமணி பேசிவிட்டுப் பார்த்தால், அந்தப் பக்கம் ஆளே இல்லை. அடுப்பில் பால் பொங்குகிறது என்று போனவள் அப்படியே இருந்துவிட்டாள். பூண்டு உரிக்கும் அம்மா, "நீங்க சொல்லுங்க தம்பி, நான் கேட்டுக்கினுதான் கீறேன்" என்று ஆறுதல் சொன்னார்.

ஆனால் போகப் போக அந்தப் பெண்ணை எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. பல்பம் கிறீச்சிட்டால் கோபம். நிறுத்தி நிறுத்தி எழுதினால் சந்தேகம். சர்ரென்று ஓடினால் விடை கிடைத்துவிட்டது. ஒரு நாள் அவசரத்தில் நான் ஒரு குறியை மாற்றிப் போட்டுவிட்டேன். சிலேட்டு திரும்பி வந்தது. விடை இல்லை. என் தப்பைச் சுற்றி ஒரு பெரிய வட்டம். அன்றைக்கு நான் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே சைக்கிள் மிதித்தேன். கணக்குப் பைத்தியம் எனக்கு மட்டும் இல்லை, திரைக்கு அந்தப் பக்கமும் ஒன்று இருக்கிறது என்பதில் அப்படி ஒரு சந்தோஷம். நண்பர்கள் வேறு மாதிரி சிரித்தார்கள். முகம் தெரியாது, குரல் தெரியாது, ஏழு எழுதினால் நடுவில் ஒரு கோடு போடுவாள் என்பது மட்டும் தெரியும் என்றால் எவன் நம்புவான்?

எனக்குப் பொருத்தமான வீடு உலகத்தில் ஒன்று இருந்தது என்று நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதிக்கும் வேட்டு வந்தது. ஒரு நாள் நான் போனபோது பாய் மண்டிக்குப் போகாமல் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். அத்தர் பூசவில்லை.

"தம்பி, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. தெருவுல பேசறாங்க."

எதிரே ஒரு ரொட்டிக் கடை உண்டு. அங்கே பேச்சு கிளம்பியிருந்தது. வயசுப் பெண் இருக்கிற வீட்டுக்குத் தினம் ஓர் அசலூர்ப் பையன் போகிறான். உள்ளே போனால் ஒரு மணி நேரம் ஒரு சத்தமும் இல்லை. அது என்ன பாடம், சத்தமே இல்லாத பாடம்?

"எம் பொண்ணையும் எனக்குத் தெரியும், உங்களையும் தெரியும். ஆனா இது ஆம்பூர்க்காரங்க காதுக்குப் போனா இன்னா ஆவறது? இதோட நிறுத்திக்கலாம் தம்பி."

 சத்தம் போடவில்லை என்று இரண்டு வீட்டில் வேலை போயிற்று. சத்தம் போடக் கூடாது என்று வைத்துக்கொண்ட வீட்டிலும் அதே காரணம். மாமா வாங்கிப் போட்ட ஸ்டூல் கண் முன்னால் வந்தது. அதைவிட, அந்தப் பெண் போட்ட வட்டம் கண் முன்னால் வந்தது. இத்தனை தூரம் வந்துவிட்டு அவளை அரைகுறையாக விடுவதா?  

அப்போது யாரும் கேட்காமலே சிலேட்டு வெளியே வந்தது. எண்ணும் குறியும் தவிர வேறொன்றும் எழுதியறியாத சிலேட்டு. அதில் தமிழில் ஒரே வரி: "வட்டம் பாடம் இன்னும் முடியவில்லை."

பாய் குனிந்து படித்தார். படித்துவிட்டு நிமிரவே இல்லை. பூண்டுத் தோலை மடியிலிருந்து உதறிவிட்டு எழுந்தவர் அவருடைய அக்காதான்.

"சத்தம் இல்லாததுதான குத்தம்? சத்தத்த நான் போடறேன்."

"நீ எப்படிக்கா? உனக்கு எழுத்தே தெரியாதே!"

"கத்தறதுக்கு எழுத்து எதுக்குடா?"

மறுநாள் முக்காலி ஜன்னலோரம் போயிற்று. திரையும் நகர்ந்தது. ஏற்பாடு இப்படி. நான் கேள்வியைக் கத்திக் கேட்க வேண்டும். சபுரா திரைக்குப் பின்னாலிருந்து அத்தையின் காதில் விடையை ஓத வேண்டும். அத்தை அதைத் தெருவைப் பார்த்து முழங்க வேண்டும். அந்த அம்மாவுக்கு ஆட்டு மந்தையைத் திருப்புகிற குரல். "முக்கோணத்தோட மூணு கோணமும் சேந்தா ரெண்டு செங்கோணம்!" என்று ஒரு போடு போட்டார் பாருங்கள், எதிர்க் கடையில் ரொட்டி வாங்க நின்றவர் கையை அப்படியே நீட்டியபடி நின்றுவிட்டார். நீளமான சூத்திரமாக இருந்தால் முடிந்ததும் "யா அல்லா" என்று ஒரு பெருமூச்சையும் சேர்த்துக்கொள்வார். நானும் கத்திக் கத்தி வீட்டுக்குப் போனால் பேச்சு வராது. அம்மா மிளகுப் பால் காய்ச்சித் தந்தாள். தண்ணீர் கேட்டால் முதல் தடவையிலேயே திரும்பிப் பார்த்தாள்.

தெரு ஒரே வாரத்தில் அடங்கிவிட்டது. அடங்கியது மட்டுமில்லை, பாடம் கேட்க ஆரம்பித்துவிட்டது. ரொட்டிக் கடைக்காரர், "மாமி, நேத்து தேடுனீங்களே அந்த எக்ஸு, கெடச்சுதா?" என்று விசாரிப்பார். "அத ஏன் கேக்கற, தெனம் கண்டுபுடிச்சுக் குடுக்கறோம், மறுநா பாத்தா மறுபடி காணாப் போவுது!" என்று இவர் அலுத்துக்கொள்வார். ஆனால் எனக்கு அந்த நாட்களில் சிரிப்போடு ஒரு பயமும் இருந்தது. வட்டம் முடிந்தது, கன அளவு முடிந்தது. அவளுக்கு எல்லாம் வரும். ஆனால் ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவையில் ஒரு குறி தப்பிவிட்டால்?

பரீட்சைக்கு அத்தையைத் துணை கூட்டிக்கொண்டு, திரை கட்டிய ஜட்காவில் ஏறி, பிறகு கரி பஸ்ஸில் பட்டணம் போனாள். பஸ் மேட்டில் நின்றுவிடக் கூடாதே என்று நான் வேண்டிக்கொண்டேன். அதற்கப்புறம் எனக்கு அந்த வீட்டில் வேலை இல்லை. சித்திரை பிறந்தது. அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பாஸானால் என்னைத் தேடி டியூஷன் வரும், முடிவு வந்ததும் தொட்டியா இல்லையா என்று சொல்கிறேன் என்றேன். யாரோ எழுதிய பரீட்சைக்கு எங்கள் வீடே காத்திருந்தது.

முடிவு பேப்பரில் வந்த அன்று, அம்பத்தூரில் எங்கள் தெருமுனையில் ஒரு ஜட்கா நின்றது. அதிலிருந்து மண்டிக்காரப் பாய் பேப்பரும் கையுமாக இறங்கினார். வீடு எது என்று விசாரிக்கக்கூட அவருக்குப் பொறுமை இல்லை. "தம்பீ! பாஸு! எம் பொண்ணு பாஸு!" என்று தெருவெல்லாம் கேட்கக் கத்திக்கொண்டே வந்தார். குரல் மெதுவாக இருக்கிறதா என்று காதை நீட்டிப் பார்த்த அதே மனிதர்தான். என் அப்பா வெளியே வந்து அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அன்றோடு விறகுத்தொட்டிப் பேச்சு நின்றது. நான் உள்ளே போய் ஓர் அழுகை அழுதேன். ஏன் என்று கேட்காதீர்கள், அழுகை வந்தது, அழுதேன்.

ஆம்பூர்க்காரர்கள், இத்தனை படித்த பெண் எங்களுக்குத் தோதுப்படாது என்று சொல்லிவிட்டார்கள். பாய் கொஞ்ச நாள் முகம் வாடி இருந்தார். அத்தை மட்டும், "போனாப் போறாங்க, கணக்கு தெரியாதவங்க" என்றாராம். ஜன்னல் வழியாகத் தினம் பாடம் கேட்ட அந்தத் தெருத் தாய்மார்களுக்கு இப்போது தங்கள் பெண்களும் படிக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அத்தனை வீடும் எனக்குத்தான் என்று நான் மனக்கோட்டை கட்டிக்கொண்டிருந்தேன். எல்லோரும் நேராகச் சபுராவிடம் போய்விட்டார்கள். வீட்டிலேயே பெண் வாத்தியார் இருக்கும்போது திரை எதற்கு, நான் எதற்கு? எனக்கு ஆவடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்துப் பிழைத்துக்கொண்டேன்.

சுதந்திரம் வருவதற்குக் கொஞ்சம் முந்தி, ஏதோ வேலையாகப் பூவிருந்தவல்லி போனவன் அந்தத் தெரு வழியாகச் சைக்கிளில் வந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே சிறு பெண்கள் கூட்டம். அவர்களுக்கு மேலே ஒரு குரல். இனிமையான குரல் என்று எழுத எனக்கும் ஆசைதான். இல்லை. கரகரவென்று கட்டைக் குரல், அத்தைக்குக் கொஞ்சமும் குறையாத குரல்.

"புரியலன்னா வாயத் தொறந்து புரியலன்னு சொல்லு. பயப்படாத. நல்லா கத்திச் சொல்லு. தெருவுல கேட்டா கேக்கட்டும்."

நான் சைக்கிளை விட்டு இறங்கி நின்றுவிட்டேன். எத்தனை நாள் பாடம் சொல்லிக் கொடுத்தேன், அவள் பேசி அன்றுதான் கேட்கிறேன். ரொட்டிக் கடைக்காரர் என்னை அடையாளம் கண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். அந்தப் பாடம் முடியும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் வந்தேன்.

பிறகு அவள் வேலூர்ப் பக்கம் போய்விட்டதாகவும், அங்கேயும் பள்ளிக்கூடம்தான் என்றும் கேள்விப்பட்டேன். பாயும் அக்காவும் காலமாகிவிட்டார்கள். தோல் மண்டி போயிற்று, ரொட்டிக் கடை போயிற்று, சாலையை அகலப்படுத்தியபோது தெருவில் பாதி போயிற்று. போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். வீடு இருந்த இடத்தில் மாடி வைத்த கட்டடம், மேலே ஒரு டியூஷன் சென்டர். எட்டிப் பார்த்தேன். வரிசையாகப் பெண்களும் பையன்களும், அச்சடித்த தாள்களில் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மின்விசிறி மட்டும் சுற்றியது. நான் அந்த நாளில் ஆசைப்பட்டது போலவே, ஒரு சத்தமும் இல்லை. கீழே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. யாராவது ஒரு பெண் வாயைத் திறந்து புரியவில்லை என்று கத்துவாளா என்று கொஞ்ச நேரம் படியிலேயே நின்று பார்த்தேன். யாரும் கத்தவில்லை.